மறதி வந்த பெரியவர்களுக்குக் கணினிப் பயிற்சி உதவுமா?

எமது தோட்டங்களில் வயது போன ஒருவர் எதையாவது மறந்துவிட்டால், "வயசானா அப்படித்தான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இல்லாவிட்டால், "வேணும்னே செய்றாங்க" என்று கோபப்படுகிறோம். இந்த இரண்டு பேச்சும் சரியில்லை என்பதை நலன்புரிப் பகுதியில் வேலை செய்யும் நாங்களே பிந்தித்தான் கற்றுக்கொண்டோம். ஆகவே பாடத்துக்குப் போக முன்னர் நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம்.

மேற்கணக்கு லயம் ஒன்றில் ஒரு பாட்டி இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். ஈ.பி.எப். காசையும் சேவைக்காலப் பணத்தையும் வங்கியில் போட்டு, அந்தப் புத்தகத்தை உயிர் மாதிரி வைத்திருந்தவர். ஒரு நாள் புத்தகத்தைக் காணவில்லை. மருமகள்தான் எடுத்துவிட்டாள் என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். மகன் பெண்சாதியை விசாரித்தார், பேச்சு முற்றியது, கை நீட்டிவிட்டார். மருமகள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்கு அறிவித்தார்கள். நாங்களும் போய் இரண்டு பக்கமும் கேட்டு, புத்திமதி சொல்லி, புத்தகத்தில் "குடும்பத் தகராறு" என்று எழுதிவிட்டு வந்தோம். அதுதான் எங்கள் பிழை. அந்தப் பாட்டி எங்களோடு பேசிக்கொண்டிருந்த அரை மணித்தியாலத்துக்குள் ஒரே கேள்வியை நான்கு தரம் கேட்டார். "ஐயா, நீங்க தேத்தண்ணி குடிச்சீங்களா?" உபசரிப்பு என்றே நினைத்தோம்.

மூன்று வாரத்துக்குப் பிறகு வங்கிப் புத்தகம் கிடைத்தது. மலைக்குப் போன காலத்தில் இடுப்பில் கட்டிய பழைய படங்கைச் சுருட்டி அட்டலில் வைத்திருந்தார்கள். அதற்குள் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பாட்டியே வைத்திருக்கிறார். வைத்தது நினைவில்லை.

மூன்று விதமான மறதி

மறதி எல்லாம் ஒன்றல்ல. கலியாண வீட்டில் ஒருவரைக் கண்டு பெயர் வரவில்லை, வீட்டுக்கு வந்து படுத்த பிறகு ஞாபகம் வருகிறது. இது வயதோடு வருகிற சாதாரண மறதி. மூளை தேடி எடுக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கத்தில் டிமென்ஷியா என்கிற மறதிநோய். ஐம்பது வருடம் ரொட்டி தட்டிய கைக்கு மாவில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று தெரியாமல் போகிறது. சொந்த லயத்துக்கு வழி தெரியாமல் பீலிக்கரையில் நின்றுவிடுகிறார். மகனை அண்ணன் என்று கூப்பிடுகிறார். அன்றாட வேலையை மற்றவர் துணையில்லாமல் செய்ய முடியாத நிலை வந்தால்தான் வைத்தியர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அதைத்தான் இலேசான அறிவாற்றல் குறைபாடு என்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டொக்டர் ரொனால்ட் பீற்றர்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1999 இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் எங்கும் பரவியது. இந்த நிலையில் உள்ளவர் தானே சமைப்பார், குளிப்பார், கோயிலுக்குப் போவார், பேத்திக்குத் தலை பின்னிவிடுவார். ஆனால் கேட்டதையே திரும்பக் கேட்பார். காலையில் வந்துபோனவரை மாலையில் மறந்துவிடுவார். சாமானை வைத்த இடம் தெரியாது. பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாததால்தான் சண்டை வருகிறது. "நாற்பது வருசத்துக்கு முந்தி நடந்ததெல்லாம் சரியா சொல்றாங்க, நேத்து சொன்னது மட்டும் தெரியாதாமா?" என்று மருமகள்மார் கேட்பதை நாங்கள் எத்தனையோ லயத்தில் கேட்டிருக்கிறோம். ஆம், அப்படித்தான் இருக்கும். பழைய நினைவுகள் ஆழ ஊன்றியவை. புதியதைப் பதிக்கிற இடத்தில்தான் முதலில் கோளாறு வருகிறது.

இந்த நடுப்படியில் இருப்பவர்கள் எல்லோரும் கீழே இறங்கிவிடுவதில்லை. ஞாபகமறதிக்கென்று கிளினிக்குகளுக்கு வருபவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரு வருடத்தில் 100 பேரில் 10 முதல் 15 பேர் வரை டிமென்ஷியாவுக்குப் போகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். பலர் வருடக்கணக்கில் அதே நிலையில் இருப்பார்கள். சிலருக்குச் சரியாகிவிடுவதும் உண்டு. ஆகவே பயந்து நடுங்கவும் வேண்டாம், அலட்சியமாக விடவும் வேண்டாம்.

முதலில் டொக்டர், பிறகுதான் மற்றதெல்லாம்

கணினிப் பயிற்சி பற்றிச் சொல்ல வந்தோம். ஆனால் அதற்கு முன்னர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மறதிக்குக் காரணம் வேறு எதுவாகவும் இருக்கலாம். உடம்பில் பி12 என்கிற விட்டமின் குறைந்தாலும் மறதி வரும். மீன், முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றில்தான் அது இருக்கிறது. ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியுமாக நாளை ஓட்டுகிற பெரியவர்களுக்கு அது எங்கிருந்து கிடைக்கும்? சீனி வியாதிக்கு மெட்போமின் குளிசையை வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்கும் இந்த விட்டமின் குறையலாம். அதற்காக யாரும் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. டொக்டரிடம் கேட்டால் இரத்தம் பார்ப்பார். தைரொயிட் சுரப்பி மந்தமாக வேலை செய்தாலும் மறதி வரும். புருசன் அல்லது பெண்சாதி இறந்த பிறகு மனம் உடைந்து கிடப்பவர்களுக்கு மறதி மாதிரியே தெரியும், உண்மையில் அது மனச்சோர்வு. நித்திரைக் குளிசை, கசிப்பு, சரியாகக் காது கேட்காதது, கண்ணில் பூ விழுந்தது ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். காதில் விழாததை யாரால் ஞாபகம் வைக்க முடியும்?

இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. விளையாட்டும் பயிற்சியும் கொடுத்துக்கொண்டு இவற்றைப் பார்க்காமல் விட்டால் காலம்தான் வீணாகும்.

வைத்தியசாலையில் ஞாபகசக்தியைப் பார்க்கச் சில சோதனைகள் வைத்திருக்கிறார்கள். கனடாவின் மொன்றியல் நகரில் உருவாகி 2005 இல் வெளியான ஒரு சோதனை பெயர்போனது, தமிழிலும் இருக்கிறது. மொத்தம் 30 புள்ளி. ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் கழித்துக் கேட்பார்கள். கடிகாரம் வரையச் சொல்வார்கள். பெட்டி வடிவம் ஒன்றைப் பார்த்து வரையச் சொல்வார்கள். இங்கேதான் எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம். இரண்டாம் வகுப்போடு நின்று, பத்து வயதில் தாயோடு மலைக்குப் போன பெண் பென்சிலைப் பிடித்திருப்பாரா? பெரட்டு மணிச் சத்தத்தில் நேரம் அறிந்தவரிடம் கடிகாரம் வரையச் சொன்னால் என்ன செய்வார்? படிப்புக் குறைந்தவர்களுக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கிற முறை அந்தச் சோதனையில் இருக்கிறது. ஆனாலும் அது எங்கள் பாட்டிமாருக்குப் போதாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று வேறு சோதனைகளும் வந்திருக்கின்றன. ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் கூட இருக்கிற ஒருவர் கட்டாயம் போக வேண்டும். "போன வருசம் செஞ்ச எந்த வேலையை இப்ப செய்ய மாட்டேங்கிறாங்க?" என்ற கேள்விக்கு வீட்டார் சொல்லும் பதில் கடிகாரப் படத்தைவிட டொக்டருக்கு உதவும். புள்ளி குறைந்தது என்று யாராவது சொன்னவுடன் நோய் என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

கணினிப் பயிற்சி என்றால் என்ன?

எங்கள் கதையிலுள்ள பாட்டிக்கு மூத்த மகளின் மகன் ஒருவன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை. அப்பாயிக்கு மறதி என்று கேள்விப்பட்டவுடன், மாதத் தவணைக்கு ஒரு டெப் வாங்கி, மூளைக்குப் பயிற்சி கொடுக்கிற விளையாட்டுகளை அதில் போட்டு, தீபாவளிக்குக் கொண்டு வந்து கொடுத்தான். "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் விளையாடுங்க அப்பாயி, எத்தனை புள்ளி எடுத்தீங்கன்னு நான் அங்கருந்தே பார்ப்பேன்" என்றான். தூர இருந்து நடத்தும் பயிற்சி என்று இதைத்தான் சொல்கிறார்கள். பெரியவர் வீட்டில் இருப்பார், பயிற்சி கணினியிலோ போனிலோ நடக்கும், பெற்ற புள்ளி இணையம் வழியாக வேறு இடத்திலிருப்பவருக்குப் போகும். வெளிநாடுகளில் அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் இருந்து பார்த்து, போனில் பேசித் திருத்துவார். 2020 இல் கொரோனா வந்து கிளினிக்குகள் பூட்டிக் கிடந்த பிறகு இந்த முறை இன்னும் பரவியது.

பயிற்சிகள் பல விதம். கவிழ்த்து வைத்த படங்களில் சோடி தேடுவது ஒன்று. வரிசையாகக் காட்டிய பொருட்களைத் திரும்பச் சொல்வது இன்னொன்று. திரையின் நடுவில் ஒரு படமும் ஓரத்தில் ஒரு படமும் கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்துபோகும், நடுவில் இருந்தது என்ன, ஓரத்தில் எந்தப் பக்கம் வந்தது என்று இரண்டையும் சொல்ல வேண்டும். இதற்கு வேகப் பயிற்சி என்று பெயர். சரியாகச் செய்தால் கணினி தானாகக் கஷ்டத்தைக் கூட்டும், பிழைத்தால் குறைக்கும். அவரவர் சக்திக்கு ஏற்ற மாதிரி பாடம் மாறுவதுதான் இதன் நல்ல அம்சம். வாத்தியார் ஒருவர் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே கணக்கைக் கொடுப்பது போலில்லை.

ஆராய்ந்தவர்கள் கண்டது

அமெரிக்காவில் 1998 இல் தொடங்கிய ஒரு பெரிய பரிசோதனை இருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்ட 2800 க்கு மேலானவர்களைச் சேர்த்து நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஞாபகப் பயிற்சி, ஒரு கூட்டத்துக்கு யோசித்து விடை காணும் பயிற்சி, ஒரு கூட்டத்துக்குக் கணினியில் வேகப் பயிற்சி. நான்காவது கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலமுள்ள 10 பாடங்கள், ஐந்தாறு வாரத்துக்குள் முடிந்துவிடும். 2002 இல் முதல் முடிவு வந்தது. எதைப் பழகினார்களோ அதில் தேறினார்கள். ஞாபகம் பழகியவர்கள் வேகத்தில் தேறவில்லை, வேகம் பழகியவர்கள் ஞாபகத்தில் தேறவில்லை.

இதை நாம் மலையில் பார்க்கிறோமே. கொழுந்து எடுப்பதில் கை வேகமுள்ளவர், அதனால் கவ்வாத்து வெட்டுவதிலும் கெட்டிக்காரராக ஆகிவிடுவாரா? கை பழகிய வேலைக்குத்தான் கை. மூளைப் பயிற்சி பற்றிய எல்லா வாக்குவாதமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. திரையில் சோடி தேடப் பழகியவர் வங்கிப் புத்தகத்தை வைத்த இடத்தை ஞாபகம் வைப்பாரா என்பதுதான் கேள்வி.

அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்து 2017 இல் வெளியிட்டதில் ஒரு புதினம் இருந்தது. பத்து வருடத்தில், வேகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா வரும் அபாயம் ஒன்றும் எடுக்காதவர்களைவிட 29 வீதம் குறைவாக இருந்தது. மற்ற இரண்டு பயிற்சிக்கும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் இரண்டு விசயத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் தொடக்கத்தில் மறதிநோய் இல்லாதவர்கள். அத்தோடு, வீட்டு மூலையில் தனியாக இருந்து செய்யவில்லை, சிறு கூட்டமாக, சொல்லிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருக்கத்தான் செய்தார்கள்.

கூட்டமாகச் செய்வது முக்கியமா? 2014 இல், 52 பரிசோதனைகளை ஒன்று சேர்த்து, 4885 பேரின் முடிவுகளைப் பார்த்தார்கள். இவர்களும் மறதிக் குறைபாடு இல்லாத வயோதிபர்கள்தான். பொதுவாகச் சிறு பலன் இருந்தது. ஆனால் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் தனியே செய்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. வாரத்தில் மூன்று தரத்துக்கு மேல் செய்தவர்களுக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் விளையாடச் சொன்ன எங்கள் பேரப்பிள்ளை இதை அறிந்திருக்க நியாயமில்லை, நாங்களும் அப்போது அறிந்திருக்கவில்லை.

இப்போது, இலேசான குறைபாடு உள்ளவர்களையே சேர்த்து, வீட்டில் இருந்தபடியே கணினியில் பயிற்சி கொடுத்த ஒரு பரிசோதனையைப் பார்ப்போம். எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். அமெரிக்காவின் கொலம்பியா, டியூக் என்னும் இரண்டு பல்கலைக்கழகங்கள் நடத்தி 2022 இல் வெளியிட்டன. ஆட்கள் 107 பேர். பாதிப் பேருக்கு மூளைப் பயிற்சிக்கென்று செய்த கணினி விளையாட்டுகள். மற்றப் பாதிக்குக் குறுக்கெழுத்து, அதுவும் கணினியில்தான். முதல் 12 வாரம், வாரத்துக்கு நான்கு தரம், ஒரு தரத்துக்கு அரை மணித்தியாலம். அதன் பிறகு இடைக்கிடை நினைவூட்டல் பாடம். மொத்தம் 78 வாரம், அதாவது ஒன்றரை வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நவீன விளையாட்டுத்தான் வெல்லும் என்று எதிர்பார்த்தார்கள். வென்றது குறுக்கெழுத்து! விளையாட்டுச் செய்தவர்களின் புள்ளி கொஞ்சம் இறங்கியிருந்தது, குறுக்கெழுத்துச் செய்தவர்களுக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, சுருங்குவதும் குறுக்கெழுத்துக் கூட்டத்தில் குறைவாக இருந்தது.

இதைக் கேட்டு யாரும் குறுக்கெழுத்தை மருந்து என்று சொல்லிவிட வேண்டாம். வித்தியாசம் சிறியது. ஒன்றுமே செய்யாத மூன்றாவது கூட்டம் ஒன்றை அவர்கள் வைக்கவில்லை, ஆகவே சும்மா இருந்தவரைவிட எவ்வளவு நன்மை என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆட்களும் 107 பேர்தான். ஆனாலும் ஒரு விசயம் தெளிவாகிறது. காசு கொடுத்து வாங்கும் சாமான் என்பதற்காக அது பத்திரிகையின் மூலையில் கிடக்கும் கட்டங்களைவிட உயர்ந்ததாகிவிடாது.

காசு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லுமோசிட்டி என்ற பெயரில் மூளை விளையாட்டு விற்ற நிறுவனம், இதை விளையாடினால் வயதோடு வரும் மறதி தள்ளிப்போகும் என்று விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு பிடித்து, 2016 இல் அந்த நிறுவனம் 20 இலட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலில், இலேசான குறைபாடு உள்ளவர்களுக்கு அறிவுப் பயிற்சி கொடுக்கலாம் என்று இருக்கிறது. கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆதாரத்தின் தரம் குறைவு என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். தவணைக்கு டெப் எடுத்துக் கடன்பட நினைக்கும் பிள்ளைகள் இதை இரண்டு தரம் வாசிக்கவும்.

டெப்புக்கு நடந்தது

முதல் இரண்டு வாரமும் பாட்டி ஆசையாகத்தான் விளையாடினார். விளையாட்டு ஆங்கிலத்தில் இருந்தது, ஓ.எல். படிக்கும் பேத்தி பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தாள். இரவில் கொழும்பிலிருந்து போன் வரும். பேரன் குரல் கேட்பதுதான் பாட்டிக்குப் பெரிய சந்தோசம். பிறகு பேத்திக்குச் சோதனை வந்தது. லயத்தில் சிக்னல் சரியில்லை, மாரியம்மன் கோயில் மேட்டுக்குப் போனால்தான் கிடைக்கும், மழைக் காலத்தில் கிழவியை அங்கே கூட்டிப்போக யார் இருக்கிறார்கள்? டேட்டா போட வேறு காசு. புள்ளி இறங்கியது. "என்ன அப்பாயி, நீங்க ஒழுங்கா செய்றதில்லையா?" என்று அவன் கேட்டுவிட்டான். ஏச வேண்டுமென்று கேட்கவில்லை, கவலையில் கேட்டான். பாட்டிக்கு அது ஏச்சாக விழுந்தது. அடுத்த நாளிலிருந்து டெப்பைக் காணவில்லை. இந்த முறை எங்கே தேடுவது என்று வீட்டாருக்குத் தெரிந்திருந்தது, நேரே அட்டலுக்குப் போனார்கள். படங்குக்குள்ளேதான் இருந்தது.

நாங்கள் பேரனோடு போனில் பேசினோம். "தம்பி, புள்ளியைக் கேட்காதீங்க. அப்பாயிகிட்ட அந்தக் காலத்து மலை நம்பரைக் கேளுங்க" என்றோம். அவன் அன்று இரவே கேட்டிருக்கிறான். அஞ்சாம் நம்பர் மலையில் எந்தக் கங்காணி, எந்த மரத்தடியில் சோறு தின்றது, பிள்ளைக் காம்பராவில் யார் ஆயா என்று முக்கால் மணித்தியாலம் பேசினாராம். டெப் இப்போது பேத்தியின் படிப்புக்குப் பயன்படுகிறது, தவணை இன்னும் முடியவில்லை.

தோட்டத்தில் செய்யக்கூடியது

சோடி தேடும் விளையாட்டுக்குக் கணினி தேவையில்லை. பழைய கலண்டர் அட்டையில் இரண்டிரண்டாகப் படம் ஒட்டினால் போதும். கத்தரிக்காய், கோழி, கொழுந்துக் கூடை, பஸ் என்று எழுத்து இல்லாத படங்களாக இருக்கட்டும். ஆறு சோடியில் தொடங்கி, சுலபமாக வந்தால் எட்டுக்கும் பத்துக்கும் போகலாம், தடுமாறினால் நாலுக்கு இறங்கலாம். கணினி செய்கிற கூட்டல் குறைத்தலை நாமே கையால் செய்கிறோம். பல்லாங்குழி தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள், அதில் எண்ணிக்கையும் ஞாபகமும் உண்டு. தாயம் உண்டு. வாசிக்கத் தெரிந்த தாத்தாமாருக்குக் குறுக்கெழுத்து. வாசிக்கத் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை குறிப்பை வாசித்துச் சொல்ல, அவர் விடையைச் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். விடுகதையும் இதே வேலையைத்தான் செய்கிறது. இவற்றையெல்லாம் யாரும் பரிசோதனை செய்து அளந்து சொன்னதாக நாங்கள் சொல்ல வரவில்லை. கெடுதல் இல்லை, செலவில்லை, நாலு பேர் கூடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் போதும்.

பின்லாந்தில் செய்த ஒரு வேலையும் எங்களுக்கு வழி காட்டுகிறது. 60 முதல் 77 வயது வரையான, மறதி வர வாய்ப்புக் கூடிய 1260 பேரை எடுத்து, அரைவாசிப் பேருக்கு நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, கணினியில் மூளைப் பயிற்சி, பிரசர் முதலியவற்றைப் பார்த்துக் கட்டுப்படுத்துவது என்று நான்கையும் சேர்த்து இரண்டு வருடம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சாதாரண சுகாதார ஆலோசனை. 2015 இல் வெளியான முடிவில், நான்கும் பெற்றவர்களே மூளைச் சோதனைகளில் கூடத் தேறியிருந்தார்கள். கணினி அதில் நாலில் ஒன்று. மற்ற மூன்றுக்கும் கரண்டும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

2024 இல் லான்செட் என்னும் வைத்தியச் சஞ்சிகையின் குழுவொன்று, டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 வீதம் 14 காரணங்களோடு தொடர்புள்ளது, அவற்றை மாற்றினால் தள்ளிப்போடவோ தடுக்கவோ வாய்ப்பு உண்டு என்று எழுதியது. பிரசர், சீனி, புகைத்தல், அளவுக்கு மிஞ்சிய மதுபானம், காது கேளாமை, கண் தெரியாமை, தனிமை, சிறு வயதில் படிப்பில்லாமை, கெட்ட காற்று ஆகியன அதில் அடக்கம். விறகுப் புகை நிறைந்த ஒற்றைக் காம்பராவை நினைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எங்களுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. எங்கள் பாட்டிமாருக்குப் படிப்பில்லாமல் போனது அவர்கள் குற்றமா? ஆனால் பிரசரும் சீனியும் பார்ப்பதற்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சுகவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன, காசில்லை. மாதம் ஒரு தரம் குளிசை எடுக்க ஒரு நாள் பேர் போகிறது என்று விட்டுவிடுபவர்கள் பலர். யார் கூட்டிப்போவது என்று அண்ணன் தம்பிகள் முறை வைத்துக்கொள்ளலாம்.

மறதியை மாற்ற முடியாத இடத்தில் மறதிக்கு ஏற்ற மாதிரி வீட்டை மாற்றலாம். சாவி, குளிசை, கண்ணாடி, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு இடம். அந்த இடத்தை மாற்றவே கூடாது. கிளினிக் நாளைக் கலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட வேண்டும். வங்கிப் புத்தகத்தை யார் வைத்திருக்கிறார் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மறதியுள்ளவரை வெற்றுக் கடதாசியில் கைநாட்டு வைக்க யாராவது கேட்டால், அது சொந்தக்காரராக இருந்தாலும், எங்களிடம் உடனே சொல்லவும்.

அந்தப் பாட்டியை இரண்டு மாதத்துக்கு முன் டொக்டரிடம் கூட்டிப்போனோம். பி12 குறைவு, ஊசி போடுகிறார்கள். ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது, சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். மறதி போய்விட்டது என்று சொல்ல மாட்டோம். கேட்டதைக் கேட்பது இப்போதும் உண்டு, கொஞ்சம் குறைவு. மருமகள் பிள்ளைகளோடு திரும்பி வந்துவிட்டார். மகன் அவர் தாய்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். ஆனால் கள்ளி என்று சத்தம் போட்டது பாட்டிக்கு நினைவே இல்லை. "எம் மருமகள் மாதிரி வராது ஐயா" என்று எங்களிடம் சொல்கிறார். பக்கத்தில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த மருமகள் திரும்பிப் பார்க்காமலே, "அவங்க மறந்துட்டாங்க ஐயா. நான் எப்படி மறக்கிறது?" என்றார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெரியவர்களுக்கான படச் சோடி விளையாட்டும் பல்லாங்குழியும் புதன்கிழமைகளில் பின்னேரம் நாலரை மணிக்கு, பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிச் சென்ற பிறகு, மேற்கணக்குப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் நடக்கும். கண்ணாடி உள்ளவர்கள் கண்ணாடியோடு வரவும். பழைய கலண்டர் அட்டை, தடித்த கடதாசிப் பெட்டி இருந்தால் ஓபிசில் கொடுக்கவும். தனியாக நடந்து வர முடியாதவர்களை வீட்டிலுள்ள பிள்ளைகள் யாராவது கூட்டிவந்து, முடியும்வரை இருந்து கூட்டிப்போக வேண்டும்.